நம்பர மட்டும் மறக்க ஏலா: மருதமுனை வாகனக்காரர்களின் நினைவுகள்

மருதமுனைக்கு நான் போனது வேறொரு கட்டுரைக்காக. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு பழைய வாகனங்களை வைத்திருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் திட்டம். பிரதான வீதியை ஒட்டிய ஒரு கராஜில் சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்று நின்றது. பக்கத்தில் கதிரை போட்டு அதன் சொந்தக்காரர் இருந்தார். எழுபது வயதைக் கடந்தவர்.

"எந்த வருஷத்துக் கார் காக்கா?" என்று கேட்டேன்.

"வருஷம் சரியாத் தெரியா தம்பி. வாப்பா ரெண்டாம் கையா வாங்கின. நம்பர் இதுதான்" என்று சொல்லி, இ.என். என்ற எழுத்துகளையும் நான்கு இலக்கங்களையும் மூச்சு விடாமல் சொன்னார். தகடு என் கண்முன்னால்தான் இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்றும் அடுத்த நாளும் இன்னும் சிலரிடம் பேசினேன். ஹையேஸ் வான் ஓட்டுபவர், ஓட்டோக்காரர், பாண்டிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வாங்கிய வருடம், கொடுத்த விலை, வண்டியின் நிறம் எல்லாவற்றிலும் அவர்களுக்குத் தடுமாற்றம் இருந்தது. இப்போது கையில் இல்லாத வாகனத்தின் நம்பரில்கூட யாருக்கும் தடுமாற்றம் இல்லை. இறக்குமதிக் கட்டுரையை ஒருபக்கம் வைத்துவிட்டு, இது ஏன் என்று தேடத் தொடங்கினேன்.

தகட்டை எப்படி வாசிப்பது?

இலங்கையில் இலக்கத் தகட்டைப் பார்த்தே வண்டியின் காலத்தை ஓரளவு சொல்லலாம். இ.எல்., இ.என்., இ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1957க்கு முந்திய பதிவு. 1957 ஜனவரியிலிருந்து ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அதற்கு முந்திய ஆண்டு நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டத்தின் சூடு ஆறாத நேரம் அது. 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையானது. சிங்கள ஸ்ரீ பொறித்த அரசாங்க பஸ்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டபோது, தமிழரசுக் கட்சி அந்த எழுத்தைத் தார் பூசி அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதும் போராட்டத்தை நடத்தியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் கலவரம் வந்தது. அந்தக் கட்சியில் பின்னாளில் செனட்டராக இருந்த மசூர் மௌலானா மருதமுனைக்காரர் என்பதால், இந்த அரசியல் இந்த ஊருக்குப் புதிதல்ல.

பிறகு ஸ்ரீ போய் நடுவில் ஒரு சிறு கோடு வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து மாகாணத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் வந்தன. கிழக்குக்கு இ.பி., வடக்குக்கு என்.பி. 2023 முதல் புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை.

"அந்த ரெண்டு எழுத்தும் போனது நல்லது" என்றார் வான்காரர். அவர் யுத்த காலத்தில் கொழும்புக்கு ஆள் ஏற்றியவர். "சாவடியில எங்கட வண்டிய மட்டும் ஓரங்கட்டச் சொல்லுவாங்க. தகட்டப் பாத்தா எங்க இருந்து வாறம் எண்டு தெரிஞ்சிடும். மறுகா ஆக்கள இறக்கி, பேக்க இறக்கி, கொப்பியில நம்பர எழுதி… ஒரு பயணத்துக்கு எத்தின தரம் எழுதியிருப்பாங்க எண்டு நினைக்கிறீங்க?"

ஒரே கார், ஒரு ஆயுள்

நம்பர் மனதில் பதிந்ததற்கு முதற்காரணம் சாதாரணமானது. ஒரே வாகனம் ஒரு வீட்டில் முப்பது, நாற்பது வருடம் இருந்தது. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. நாட்டுக்குள் இருந்த மொரிஸ் மைனர்களையும் ஒஸ்டின்களையும் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகுதான் ஜப்பான் வாகனங்கள் பெருகின.

மொரிஸ்காரரின் வாப்பா தறிக்காரர்களிடம் சாறன் எடுத்து விற்ற வியாபாரி. "பின் சீற்றக் கழட்டிட்டு அதுக்குள்ள சாறன் கட்டு. பெருநாளைக்குச் சீற்றப் போட்டு எங்களை ஏத்திக்கிட்டுப் போவாரு. ஊருல புள்ளப்பெறு எண்டாலும் இந்தக் காருதான்."

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு வேறு நினைவு இருக்கும். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல், கொஞ்சப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய அதே ஒஸ்டின்களும் மொரிஸ்களும்தான் இவை. அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதால் அவை மண்ணெண்ணெயைத் தாங்கின. புதிய கார்கள் தாங்கியிருக்காது.

வீதி துண்டானபோது

காக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி எந்த ஊரு?"

களுவாஞ்சிகுடிப் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து இரண்டு தேத்தண்ணிக்குச் சொன்னார்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதி, மருதமுனையைத் தாண்டியதும் பெரியநீலாவணையிலிருந்து ஆரையம்பதி வரை தமிழ்க் கிராமங்களுக்கு ஊடாகப் போகிறது. அதற்கு அடுத்தது காத்தான்குடி. மருதமுனை வியாபாரிக்குக் காத்தான்குடிச் சந்தைக்கு அதுதான் நேர்வழி. தமிழருக்கும் அப்படித்தான். பாண்டிருப்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போக மருதமுனையைக் கடக்க வேண்டும். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு, இந்த வீதியில் யார் ஊரை யார் கடப்பது என்பதே உயிர்ப் பிரச்சினையானது.

1990 ஜூலை 12ஆம் திகதி குருக்கள்மடத்தில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடி நோக்கிப் போன முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். வியாபாரிகளும் ஹஜ் கடமையை முடித்துத் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வந்த வாகனங்களும் பொருட்களும் வீடு திரும்பவில்லை. அந்த உடல்களைத் தோண்டி எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றம் வரை போனது.

காக்காவின் நானா அந்த மாதம்தான் லொறியோடு போனார். எந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லொறியின் நம்பரைச் சொன்னார். "எத்தின பேப்பர்ல எழுதிக் குடுத்திருப்பன். பொலிஸ், கச்சேரி, செஞ்சிலுவைச் சங்கம், ஆணைக்குழு. நானாட பேரு, அடையாள அட்ட நம்பர், லொறி நம்பர். எழுதி எழுதிக் கை பழகிட்டு."

அடுத்த நாள் பாண்டிருப்பில் ஆசிரியையைச் சந்தித்தேன். 1990 ஜூனில் இராணுவம் கல்முனையை மீண்டும் கைப்பற்றிய பிறகு, அங்கே பல தமிழர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். மனித உரிமை அறிக்கைகளில் இது பதிவாகியிருக்கிறது. இவருடைய கணவர் மோட்டார் சைக்கிளில் வெளியே போனார். ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை.

"அவரப் பற்றிக் கேட்டா எனக்குக் கதைக்க வராது தம்பி. மோட்டார் சைக்கிளப் பற்றிக் கேளுங்க, சொல்லுறன்" என்றார். ஹொண்டா, சிவப்பு நிறம், இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. நம்பரையும் சொன்னார். அலுமாரியிலிருந்து ஒரு கோவையை எடுத்துக் காட்டினார். முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாவற்றிலும் ஆளின் பெயருக்குக் கீழே வண்டியின் நம்பர் இருந்தது.

மருதமுனைக் காக்காவைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அவையளுக்கும் அப்படித்தான் என்ன" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓட்டோவில் சில நிமிடப் பயணம்தான்.

கடல் எடுத்தவை

ஓட்டோக்காரரின் நினைவு 2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையில் அதிகமானோர் இறந்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல். மருதமுனையின் கரையோரம் முழுதாக அழிந்தது. "என்ட முதலாவது ஓட்டோ ரெண்டு நாளைக்குப் பிறகு வேலிக்குள்ள கிடந்திச்சி. எது ஆருட எண்டு தெரியாத அளவுக்கு நசிஞ்சி. நம்பராலதான் கண்டு பிடிச்ச" என்றார். அதில் வீட்டில் யாரை இழந்தார் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னார்.

2022இல் நம்பர் வேறு விதமாக வந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் தகட்டின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்தார்கள். 0, 1, 2க்குச் செவ்வாயும் சனியும், 3, 4, 5க்கு வியாழனும் ஞாயிறும், மற்றவற்றுக்குத் திங்கள், புதன், வெள்ளி. பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஓட்டோவுக்குத் தொடக்கத்தில் வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. "கல்முனை வரிசையில தமிழாக்களும் நாங்களும் ஒண்டாத்தான் படுத்துக் கிடந்த. கடைசி நம்பர் என்ன எண்டு கேட்டுத்தான் கூட்டாளி பிடிச்ச" என்று சிரித்தார்.

பழைய புக்கை எறியாதீர்கள்

இந்த ஊர்களில் வாகன நம்பர், அது வண்டியை மட்டும் குறிப்பதல்ல. சாவடியில் எழுதியது, முறைப்பாட்டில் எழுதியது, வரிசையில் சொன்னது எல்லாம் அதே நம்பர். கணவரைப் பற்றிப் பேச முடியாத ஆசிரியைக்கு அந்த ஹொண்டாவைப் பற்றிப் பேச முடிந்தது.

அதனால் ஒரு நடைமுறை விடயத்தைச் சொல்லியாக வேண்டும். தகட்டைக் கழற்றி மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு வாகனத்தின் சட்டகத்திலும் இயந்திரத்திலும் இலக்கங்கள் இரும்பிலேயே அடிக்கப்பட்டிருக்கும். தகட்டின் நம்பரையும் இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வது வாகனப் பதிவுப் புத்தகம். மக்கள் 'புக்' என்று சொல்வது இதைத்தான். ஒருவர் வாகனத்தோடு காணாமல் போயிருந்தால், அந்தப் புக், பழைய காப்புறுதித் துண்டு, வாகனத்தோடு எடுத்த படம், முறைப்பாட்டுப் பிரதி ஆகிய நான்கும் ஒரு நாள் சாட்சியாகலாம். வண்டி இல்லையே, புக் எதற்கு என்று சிலர் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். எரிக்காதீர்கள். பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். செம்மணியில் எலும்புகளோடு கிடைத்த பொருட்களை 2025 ஓகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைத்ததும், ஒரு சிறு பொருளாவது யாருக்காவது அடையாளம் காட்டாதா என்றுதான்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பிராந்தியக் கிளை மட்டக்களப்பில் இருக்கிறது. அதன் மீது பல குடும்பங்களுக்கு நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் ஆவணம் நம் கையில் இருக்க வேண்டும். எந்த அலுவலகம் வந்தாலும் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

புறப்படும்போது காக்காவிடம் மொரிஸை விற்பாரா என்று கேட்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் பழைய நம்பருக்காகவே நல்ல விலை சொல்லியிருக்கிறாராம். மகனுக்கு விற்க விருப்பம்.

"காரு போனாப் போகட்டும்" என்றார். "லொறி நம்பர மட்டும் பேப்பர்ல போடுங்க தம்பி. ஆராவது கண்டிருப்பாங்க."

அவர் குடும்பம் அடையாளம் காணப்படும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. என் குறிப்புப் புத்தகத்தில், அவர் கையாலேயே எழுதித் தந்தது, இருக்கிறது.