மையில் எலும்பு இருக்கிறதா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அண்ணன்கள் கேட்டதும், லேத் பற்றியோ சி.என்.சி. பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதைத்தான் வகுப்பில் தினமும் கேட்கிறோமே! அதனால் எங்கள் விடுதி அறையில் ஒரு மாதம் ஓடிய விவாதம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பச்சை குத்திக்கொள்வது பற்றிய விவாதம் அது. இன்று நம்மில் பல பேருக்கு 'டாட்டூ' ஆசை இருக்கிறது. குத்தப் போவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

அப்பத்தாவின் கை

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேங்க்கில் கைநாட்டுதான். ஆனால் அவங்க வலது முன்கையில் ஒரு கோலம் இருக்கிறது. ஒன்பது புள்ளி வைத்த சின்னக் கோலம். பத்து வயசில், ஊருக்கு வந்த பச்சை குத்துற குறத்தியம்மா குத்தியது. கூலி ஒரு படி நெல். அறுபது வருஷம் ஆகியும் அது அழியவில்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். முதல் வருஷ ஃபீஸ் கட்ட அப்பத்தாவின் தோடுதான் அடகுக் கடைக்குப் போனது. அந்தக் கோலத்தை அப்படியே என் கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

என் அறை நண்பன் வள்ளலார் வழியில் நடக்கும் குடும்பத்துப் பையன். முட்டையைக்கூடத் தொட மாட்டான். "நானும் வர்றேன் மாப்ளே, ஒரு ஜோதி குத்திக்கிறேன்" என்றவன், மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "டேய், அந்த மையில எலும்புக் கரி கலப்பாங்களாமே, நெசமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத் தேடிப் படித்ததையும், டவுனில் உள்ள கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சைவம் வேறு, வீகன் வேறு

இப்போது சில கடைகளில் 'வீகன் இங்க்' என்று போர்டே வைத்திருக்கிறார்கள். வீகன் என்றால் சைவம் என்று பலரும் நினைக்கிறோம். அது சரியல்ல. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய சங்கத்தில் பிறந்த சொல் அது. தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். இறைச்சி மட்டுமல்ல, பால், தேன், கம்பளி, பட்டு என்று உயிர்களிடமிருந்து எடுக்கும் எதுவும் கூடாது. நம்ம சைவச் சாப்பாட்டில் மோர் உண்டு. வீகன் இலையில் மோர் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம்!

மைக்குள் என்ன இருக்கிறது?

பச்சை மையை நம்ம பெயிண்ட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நிறம் தருகிற தூள் ஒன்று. அதைச் சுமந்து செல்லும் திரவம் ஒன்று. தூள் அடியில் தங்காமல் பிடித்து வைக்கும் பொருள் இன்னொன்று. இந்த மூன்றிலும் மிருகம் நுழைய வழி இருக்கிறது.

முதலில் தூள். கறுப்பு மையில் பெரும்பாலும் இருப்பது கரிதான். எண்ணெயையோ எரிவாயுவையோ குறைந்த காற்றில் எரித்து எடுக்கும் கரிக்கு 'பிக்மென்ட் பிளாக் 7' என்று பெயர். நம்ம பைக் டயர் கறுப்பாக இருப்பதும் இந்த வகைக் கரியால்தான். மாட்டு எலும்பு போன்றவற்றைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கரிக்கு 'பிக்மென்ட் பிளாக் 9' என்று பெயர். ஆக, என் நண்பன் கேட்டது வதந்தி இல்லை. 7 என்றால் எலும்பு இல்லை, 9 என்றால் எலும்பு. பாட்டிலைத் திருப்பி நம்பரைப் பாருங்கள்.

அடுத்து திரவம். தண்ணீர், ஆல்கஹால், கிளிசரின் ஆகியவை கலந்திருக்கும். கிளிசரினை மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், தேங்காய் எண்ணெய், பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், சுத்தமான கிளிசரின் எதிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றேதான். நம் கெமிஸ்ட்ரி லேபில் சாதாரண சோதனை செய்து 'இது மாடு, இது தேங்காய்' என்று சொல்ல முடியாது. தயாரிப்பவர் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, பிடித்து வைக்கும் பொருள். சில மைகளில் ஷெல்லாக் அல்லது ஜெலட்டின் சேர்ப்பார்கள். ஷெல்லாக் என்பது அரக்குப் பூச்சி சுரப்பது. பேட்டர்ன் ஷாப்பில் மரப் பேட்டர்ன் மேல் அடிப்போமே, அதே ஷெல்லாக்தான்! ஜெலட்டின், மிருகங்களின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. வீகன் மையில் இவை எதுவும் இருக்காது.

சரி, என் அப்பத்தாவின் மை? அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்தார்களாம். "அதைப் பிள்ளை பெத்தவ பால் விட்டுக் கொழைப்பாங்கடா" என்றார் அப்பத்தா. நண்பன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது தாய் மனசு வந்து குடுத்தது, பறிச்சது இல்ல, அதனால கணக்குல வராது" என்று தீர்ப்புச் சொன்னான். கரி கறுப்புதானே, பிறகு ஏன் 'பச்சை' என்கிறோம்? கரி தோலுக்கு அடியில் இருப்பதால், ஒளி தோலுக்குள் சிதறி வெளியே வரும்போது நீலமும் பச்சையும் கலந்த மாதிரி நம் கண்ணுக்குத் தெரிகிறது.

மெஷின், நம்ம எலக்ட்ரிக் பெல்தான்!

அமெரிக்காவில் தாமஸ் எடிசன் 1876-ல் ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்தில் ஓட்டை போட்டு நகல் எடுப்பதற்கான பேனா அது. அந்த யோசனையிலிருந்து 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று காயில் மெஷின். மின்காந்தம் ஒரு இரும்புப் பட்டையை இழுக்கும், உடனே தொடர்பு துண்டிக்கும், ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவரும், மறுபடி இழுக்கும். முதல் வருஷ எலக்ட்ரிகல் லேபில் படித்த எலக்ட்ரிக் பெல் இதேதான். மணிக்குப் பதில் ஊசி! இன்னொன்று ரோட்டரி மெஷின். அதில் ஒரு சின்ன மோட்டார், தண்டு மையம் விலகிய ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஊசியை மேலும் கீழும் ஓட்டும்.

ஊசி ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் போகிறது. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகும், அதனால் மை அதற்குக் கீழே உள்ள உள்தோலில் விழ வேண்டும். அங்கே நம் உடம்பின் காவல் செல்கள் மையை 'அன்னியன்' என்று விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் அடுத்த செல் அதே மையை விழுங்குகிறது என்று 2018-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் எலிகளில் சோதித்துக் கண்டார்கள். அப்பத்தாவின் கோலம் அறுபது வருஷம் நிற்கிற ரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கசப்பான அனுபவம்

இவ்வளவும் தெரிந்த பிறகு, "அப்ப வீகன் மைன்னா கவலையே இல்ல" என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவுக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் என் சித்தப்பா பையனுக்கு நடந்தது ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு திருவிழாவில், தரையில் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தவரிடம் தம்பி கையை நீட்டிவிட்டான். ஒரே கிண்ணத்து மை, ஒரே ஊசி, வரிசையாக எல்லோருக்கும். நாலாம் நாள் கை முழங்கை வரை வீங்கிவிட்டது, காய்ச்சல் வேறு. ஒரு வாரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். சித்தப்பாவுக்கு அந்த வாரம் கூலி போச்சு. அந்த மை விளக்குக் கரியில் செய்ததாகத்தான் சொன்னார்களாம். அதாவது அது முழு வீகன்!

இங்கேதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. மையில் மிருகம் உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி. மை சுத்தமா, ஊசி சுத்தமா என்பது வேறு கேள்வி. 'வீகன்' என்ற சொல் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு அது வாயே திறப்பதில்லை.

பாட்டில் மை என்றாலும் இதே கதைதான். 2011 கடைசியில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. விசாரித்தால், கறுப்பு மையைச் சாம்பல் நிறமாக்க, தயாரித்த இடத்திலேயே கலந்த தண்ணீர்தான் காரணம். திறக்காத பாட்டிலிலேயே கிருமி இருந்தது. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவ வழி உண்டு. சிவப்பு மைக்கு ஒவ்வாமை வருவது மற்ற நிறங்களைவிட அதிகம். ஐரோப்பிய நாடுகளில் 2022 ஜனவரி முதல் பச்சை மையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ வந்திருக்கிறது. 'புளூ 15:3', 'கிரீன் 7' என்ற இரண்டு நிறமிகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள். இந்த இரண்டிலுமே மிருகப் பொருள் இல்லை என்பதைக் கவனியுங்கள்!

நம் நாட்டில் 2022-ல் வீகன் உணவுக்கென்று விதிமுறையும் முத்திரையும் வந்தன. அது சாப்பாட்டுப் பொருளுக்கு மட்டும். மை பாட்டிலில் இருக்கும் 'வீகன்' என்பது தயாரிப்பாளரின் சொல்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

கூச்சப்படாமல் கேளுங்கள் நண்பர்களே. காசும் நம்முடையது, கையும் நம்முடையது.

1. மை பாட்டிலைக் காட்டுங்கள். பொருள் பட்டியல், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் நம்பர் இருக்கிறதா?

2. ஊசி ஒரு தடவை மட்டும் பயன்படுத்துவதுதானா? என் கண் முன்னால் கவரைப் பிரிப்பீர்களா?

3. திரும்பப் பயன்படுத்தும் பாகங்களை ஆட்டோகிளேவில் வைக்கிறீர்களா? (நம்ம குக்கர் மாதிரிதான். 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 121 டிகிரி, குறைந்தது 15 நிமிடம்.) வெந்நீரில் போட்டு எடுத்தோம் என்றால் நடையைக் கட்டுங்கள்.

4. எனக்கென்று தனிக் குப்பியில் மை ஊற்றுவீர்களா? நீர்க்க வைக்க எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ கூடாது. கிருமி நீக்கிய தண்ணீர்தான் வேண்டும்.

5. முழு வீகன் வேண்டும் என்பவர்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். முடி மழிக்கும் ரேசரின் வழுவழுப்புப் பட்டையிலும், டிசைன் ஒட்டும் ஸ்டென்சில் தாளிலும் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பான லேனோலின் இருக்கக்கூடும்.

குத்திய பிறகு...

பச்சை குத்தியது ஒரு புண். இதை மறக்கவே கூடாது. கையைக் கழுவிவிட்டு, மென்மையான சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு களிம்பு மிக மெல்லியதாக. பல களிம்புகளில் லேனோலினும் தேன்மெழுகும் உண்டு. வீகன் களிம்பில் அதற்குப் பதிலாகச் செடிகளிலிருந்து எடுத்த மெழுகும் வெண்ணெயும் இருக்கும். விலை கொஞ்சம் அதிகம். ஒரு விஷயம் சொல்லட்டுமா? சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அதில் மிருகப் பொருள் கிடையாது. வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்கினால் போதும், விலையும் நமக்குக் கட்டுப்படியாகும்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், பச்சிலை எல்லாம் 'வீகன்தானே' என்று பச்சைப் புண்ணில் அப்ப வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கிணறு, கண்மாய்க் குளியல் வேண்டாம். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். நமக்கென்றே ஒன்று: ஒர்க்‌ஷாப் நடக்கும் வாரத்தில் குத்தாதீர்கள். கூலன்ட், கிரீஸ், இரும்புத் துருவல் மூன்றும் புண்ணுக்கு ஆகாது. பழைய கூலன்ட் டேங்கில் கிருமி வளரும் என்று நமக்கே தெரியும். வீக்கம் பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ கடைக்காரரிடம் ஓடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

ராணுவ வேலைக்கு முயற்சி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரையும், புறங்கையிலும்தான் பச்சைக்கு அனுமதி. வேறு இடத்தில் குத்திவிட்டுப் பின்னால் வருத்தப்படாதீர்கள். அறிவிப்பைப் படித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரத்தமா, பச்சையா?

நண்பன் எல்லாக் கேள்வியும் கேட்டு, நான்காவது கடையில் திருப்தியாகி, மே மாத லீவில் ஜோதி குத்திக்கொண்டான். நன்றாக ஆறிவிட்டது. நான் இன்னும் குத்தவில்லை. காரணம் இருக்கிறது.

போன வருஷம் அப்பத்தாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது இரண்டு யூனிட் ரத்தம் தேவைப்பட்டது. எங்கள் சொந்தத்தில் யாருடையதும் சேரவில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அண்ணன்கள் இரண்டு பேர், எங்கள் ஊர்கூடத் தெரியாதவர்கள், பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டு ஒரு டீகூடக் குடிக்காமல் போனார்கள். ரத்தம் கொடுக்கப் பதினெட்டு வயது ஆக வேண்டும். எனக்கு இந்த வருஷம்தான் ஆனது. 2017-ல் வந்த தேசிய வழிகாட்டுதல்படி, பச்சை குத்திக்கொண்டால் 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது. மை வீகனாக இருந்தாலும் இதே விதிதான்!

ஆசையை அடக்க முடியாமல் அப்பத்தாவிடமே போய்க் கேட்டேன். தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பச்சை எங்கடா போகப் போகுது, அது எப்ப வேணா குத்திக்கலாம். மொதல்ல போய் ரத்தத்தைக் குடுத்துட்டு வா."

வரும் முகாமில் என் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அது முடிந்த பிறகு அந்த ஒன்பது புள்ளிக் கோலம் என் கைக்கு வரும். நீங்களும் குத்தப் போவதாக இருந்தால், முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்களேன்!



- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை