வீட்டுப் பூனையும் கொரோனா வியாதியும்





ஜூஜுவாடியைச் சுற்றிலும் தொழிற்சாலை வேலையை நம்பி வந்த குடும்பங்கள், ஓரறை வீடுகளில் நான்கைந்து பேராக வசிக்கிறார்கள். எலித்தொல்லைக்காக வளர்க்கிற பூனையும் அவர்கள் பாயிலேயே படுத்துக்கொள்ளும். "ஐயா, கொரோனா வந்தால் பூனையைத் துரத்திவிட வேண்டுமா?" என்ற கேள்வி 2020 முதல் கேட்கப்படுகிறது. நம் சபையாரிலும் சிலருக்கு இந்தப் பயம் உண்டு. ஆகவே, மருத்துவ அறிவு கண்டறிந்தவற்றை எளிய விதமாய் எழுதுகிறேன்.

முதலாவது, இந்த வியாதி பெரும்பாலும் மனிதரிடமிருந்தே பூனைக்குப் போகிறது. கிருமி நம் உடலின் அணுக்களுக்குள் நுழைய ஒரு புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. பூனையின் உடலிலும் ஏறக்குறைய அதேபோன்ற கதவு இருக்கிறது. வியாதியுள்ளவர் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சும்போதும், அதன் அருகில் இருமும்போதும் அதற்குத் தொற்றலாம். பெரும்பாலான பூனைகளுக்கு லேசான தும்மலோ சோர்வோ காணும். சிலவற்றுக்கு ஒன்றுமே தெரியாது. சில நாட்களில் சுகமாகிவிடும்.

சிங்கமும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சென்னைக்கு அருகே வண்டலூர் உயிரியல் பூங்காவில், 2021 ஜூன் 3-ம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் மரித்தது. போபாலிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு 11 சிங்கங்களின் மாதிரிகள் அனுப்பப்பட்டதில், 9 சிங்கங்களுக்குத் தொற்று இருந்தது. அதே மாதம் ஓர் ஆண் சிங்கமும் மரித்தது. அந்நாட்களில் நம் ஜனங்களை வாதித்த டெல்டா வகைக் கிருமியே அவற்றிலும் காணப்பட்டது.

பூனையிடமிருந்து மனிதருக்கு வருமா? வரக்கூடும், ஆனால் மிக அரிது. 2021 ஆகஸ்டில் தாய்லாந்தில், தொற்று கண்ட தகப்பனும் மகனும் தங்கள் பூனையுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தப் பூனை அவர்கள் படுக்கையில் உறங்கிவந்தது. கால்நடை மருத்துவரான ஒரு பெண் அதன் மூக்கில் மாதிரி எடுத்தபோது, அது அவர் முகத்தில் தும்மிவிட்டது. முகக்கவசமும் கையுறையும் அணிந்திருந்தார். கண்களுக்குத்தான் காப்பு இல்லை. மூன்றாம் நாள் அவருக்கு வியாதி கண்டது. கிருமிகளை ஒப்பிட்டபோது அவை ஒன்றாயிருந்தன. இப்படி உறுதியாய் அறியப்பட்ட முதல் சம்பவம் இதுவே.

பூனைகளுக்கென்றே வேறொரு கொரோனா கிருமி உண்டு. அது அவற்றின் குடலில் தங்கி, சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கட்டும் கொடிய வியாதியாக மாறும். 2023-ல் சைப்ரஸ் தீவில் அநேக பூனைகள் அதனால் மாண்டன. அது மனிதருக்குத் தொற்றாது. கால்நடை மருத்துவர் "கொரோனா" என்றவுடன் கலங்கவேண்டாம். எந்தக் கொரோனா என்று கேளுங்கள்.

வீட்டில் யாருக்காவது கொரோனா கண்டால்:

1. வியாதியஸ்தர் பூனையைத் தூக்கவும் முத்தமிடவும் வேண்டாம். ஒரே பாயில் படுக்கவும் வேண்டாம்.

2. சுகமாயிருக்கிற வேறொருவர் சோறு வைக்கட்டும். வேறு ஆள் இல்லையென்றால், முகக்கவசம் அணிந்து, முன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவுங்கள்.

3. பூனையின் ரோமத்தினால் இந்த வியாதி பரவுவதாய்க் காணப்படவில்லை. பினாயிலோ சானிடைசரோ கொண்டு அதைத் துடைக்காதீர்கள். அது உடலை நக்குகிற பிராணி. பினாயில் அதற்கு விஷம்.

4. பூனைக்கு முகக்கவசம் கட்டாதீர்கள், தெருவில் விடாதீர்கள்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அதை அசட்டை செய்யக்கூடாது. உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் முற்றினால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது.

பிரியமானவர்களே, தனியாய் வாழும் முதியோருக்கு ஒரு பூனையே வீட்டிலுள்ள துணை. அதற்கு யார் சோறு வைப்பார் என்ற கவலையினால், மருத்துவமனையில் தங்கத் தயங்குகிறவர்கள் உண்டு. "நீங்கள் போய்ச் சுகமாகி வாருங்கள், பூனையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பக்கத்து வீட்டார் ஒருவர் சொன்னால், அந்த வியாதியஸ்தர் காலம் தாழ்த்தாமல் சிகிச்சைக்கு வருவார். இதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் சபையில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். தன் மிருகஜீவனைப் பராமரிக்கிறவனை வேதம் நீதிமான் என்கிறது (நீதிமொழிகள் 12:10).

 வியாதிப்படுக்கையில் தனித்திருக்கிறவர்களுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்