அமெரிக்கக் கட்டட விதிகளைத் தீர்மானிப்பது யார்?

அமெரிக்காவில் ஒரு வீட்டின் கூரை எவ்வளவு வேகமான காற்றைத் தாங்க வேண்டும் என்பதை வாஷிங்டன் தீர்மானிப்பதில்லை. தொழிற்சாலையில் தயாரித்து எடுத்துவரப்படும் வீடுகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, நாடு முழுவதற்குமான கட்டடச் சட்டம் அங்கு கிடையாது. அது மாநிலங்களின் அதிகாரம். மாநிலங்கள் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். மாவட்டங்களை ஒத்த கவுண்டிகளுக்கும் நகரசபைகளுக்கும் பகிர்ந்தளிக்கலாம்.

விதிகளின் மூல வாசகத்தை எழுதுவதும் அரசு அல்ல. மூன்று பிராந்திய அமைப்புகள் இணைந்து 1994ல் உருவாக்கிய சர்வதேச விதித்தொகுப்பு மன்றம் என்ற இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதிரி விதிகளை வெளியிடுகிறது. (பெயர் சர்வதேசம் என்றாலும், பிரதானமாக அமெரிக்காவுக்காக எழுதப்படுபவை அவை.) கட்டுமான நிறுவனங்களும் திருத்தங்களை முன்மொழிந்து வாதாடலாம், இறுதி வாக்கு அரசுத்துறை உறுப்பினர்களுக்கே. ஆனால் மாநிலச் சட்டமன்றமோ, அது அமைத்த ஆணையமோ, கவுண்டி நிர்வாகமோ ஏற்ற பின்னர்தான் அந்த நூலுக்குச் சட்ட வலு கிடைக்கும். ஏற்கும்போது வேண்டாத பிரிவுகளை நீக்கவும் முடியும். அரசியல் நுழைவது இங்கேதான்.

புதிய வீடுகளில் தீயணைப்பு நீர்த்தெளிப்பான்கள் பொருத்த வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு மாதிரி விதி கூறியது. கலிஃபோர்னியாவும் மேரிலாந்தும் அதை ஏற்றன. செலவு கூடும் என்று வீடு கட்டுவோர் சங்கங்கள் எதிர்க்க, பல மாநிலங்கள் அப்பிரிவை நீக்கின. உள்ளூர் நிர்வாகங்கள் அதைக் கட்டாயமாக்கவே கூடாது என்று சில மாநிலங்கள் தடையும் விதித்தன.

ஃபுளோரிடாவின் அனுபவம் வேறு. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி அன்றைய டேட் கவுண்டியில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. அக்கவுண்டியின் விதிகள் அப்போது கடுமையானவையாகவே கருதப்பட்டன. கூரைப் பலகைகள் சரியாக அறையப்படாததும், ஆய்வாளர்கள் அதைக் கவனிக்காமல் விட்டதும் பின்னரே தெரியவந்தன. ஏட்டில் இருந்த விதி கூரையில் இருக்கவில்லை. அதுவரை கவுண்டிக்குக் கவுண்டி வேறுபட்ட விதிகளுக்குப் பதிலாக, மாநிலம் முழுவதற்குமான ஒரே விதித்தொகுப்பு 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூர் நிர்வாகங்கள் அதை இறுக்கலாம், தளர்த்த முடியாது. சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகள் ஆயின என்பது கவனிக்கத்தக்கது.

டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே கவுண்டிகளின் அதிகாரம் இன்றும் குறைவு. எனவே டாலஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு அப்பால் வீடு வாங்கும் தமிழர்களுக்கும், அந்த மனை எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் உள்ளது என்பது விலையைப் போலவே முக்கியமான கேள்வி.

வட கரோலினாவோ எதிர்த்திசையில் சென்றது. ஆளுநரின் மறுப்பையும் மீறி, வீடுகளுக்கான விதிகளில் பெரும்பாலானவற்றை 2031 வரை புதுப்பிக்க முடியாதபடி சட்டமன்றம் 2023ல் சட்டம் இயற்றியது. புதிய விதிகள் வீட்டு விலையை உயர்த்தும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி மாநிலத்தின் மேற்குப் பகுதியைச் சிதைத்தது. அதில் அழிந்த வீடுகளுக்கு இச்சட்டத்தைக் குறை கூற முடியாது; அவை முன்னரே கட்டப்பட்டவை. அவற்றின் இடத்தில் எழும் வீடுகளுக்குத்தான் இச்சட்டம் பொருந்தும்.