கேமரா வாங்குமுன் ஒரு கணக்கு

அதிக மெகாபிக்சல் கொண்ட பழைய டிஎஸ்எல்ஆர் ஒருபுறம். எடை குறைந்த புதிய மிரர்லெஸ் மறுபுறம். ஏறத்தாழ ஒரே தொகைக்கு இரண்டும் கிடைக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

தீபாவளியை அடுத்து வரும் ஏகாதசியோடு வட இந்தியாவில் திருமணக் காலம் தொடங்குகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பே தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தையில் ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டம் பெருகிவிடும். சிறு ஸ்டுடியோ நடத்துவோருக்குக் கேமரா என்பது உழவருக்கு ஏர் போன்றது. அதில் போடும் பணம் பெரும்பாலும் குடும்பத்தின் சேமிப்பு. சில வேளைகளில் கடன். ஆகவே, எந்தக் கேமரா சிறந்தது என்ற கேள்வியைவிட, எந்தக் கேமரா தன் விலையைத் தானே ஈட்டித் தரும் என்ற கேள்வியே முதன்மையானது.

எடுத்துக்காட்டாக, நிக்கான் நிறுவனத்தின் இரு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். 2017-இல் அறிமுகமான டி850, கண்ணாடி பொருத்திய டிஎஸ்எல்ஆர் வகை, 45.7 மெகாபிக்சல். 2020-இல் வந்த இசட்6-II, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை, 24.5 மெகாபிக்சல். இரண்டின் சென்சாரும் ஒரே அளவு. பிற நிறுவனங்களின் கேமராக்களை ஒப்பிடுவோருக்கும் கீழ்க்காணும் கணக்குகள் பொருந்தும்.

மெகாபிக்சல் எவ்வளவு தேவை?

மெகாபிக்சல் இரு மடங்கானால் படத்தின் அளவும் இரு மடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே கூடுகின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட்டால், இசட்6-II தரும் படம் சுமார் 20 அங்குல நீளம் வரை செல்லும்; டி850 படம் 27 அங்குலத்தைத் தாண்டும்.

நம் நாட்டுத் திருமண ஆல்பங்களில் 12-க்கு 36 அங்குல விரிப்பு பரவலாகக் காணப்படும் அளவு. அதில் ஒரு பக்கம் 12-க்கு 18. அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பச் சுமார் 19.5 மெகாபிக்சல் போதும். எனவே, திருமண ஆல்பமே தொழில் என்றால் 24 மெகாபிக்சலுக்கு மேல் உள்ளவை பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கும்.

பயன்படாத மெகாபிக்சலுக்கும் செலவு உண்டு. டி850-இன் முழுத்தரக் கோப்பு ஒன்று சுமார் 50 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு திருமணத்தில் மூவாயிரம் படங்கள் எடுத்தால் 150 ஜிகாபைட். அதற்கு ஒரு நகலும் வைத்தால் 300. ஹார்டு டிஸ்கும் வேகமான கணினியும் தனிச் செலவாக வந்து சேரும்.

ஆனால் நுண்மையையே விற்கும் தொழில்களும் உண்டு. பனாரஸ் பட்டின் சரிகை இழைகளைப் பட்டியலுக்காகப் படமெடுப்பவர், பழைய ஓவியங்களையும் சுவடிகளையும் படியெடுப்பவர், கட்டடக் கலையைப் பதிவு செய்பவர் ஆகியோருக்கு ஒவ்வொரு மெகாபிக்சலும் வேலை செய்யும். முக்காலியும் நல்ல ஒளியும் இவர்களிடம் உண்டு, அவசரம் இல்லை. பரத்பூர் சரணாலயத்தில் தொலைவில் அமர்ந்திருக்கும் பறவையைப் படமெடுப்பவருக்கும் இது உதவும். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையில் டி850 சுமார் 19 மெகாபிக்சல் தருகிறது. இசட்6-II ஏறத்தாழ 10 மட்டுமே.

புதிய கேமராவின் உண்மையான ஆதாயம்

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் செய்யும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் இடையே சிறு பிசகு இருந்தாலும் கூர்மை கண்ணிலிருந்து காதுக்கு நகர்ந்துவிடும். மெகாபிக்சல் கூடக் கூட இந்தப் பிசகு தெளிவாகத் தெரியும். மிரர்லெஸ் கேமரா படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் செய்வதால் இச்சிக்கல் பெரிதும் குறைகிறது. இசட்6-II மனிதக் கண்ணைத் தானே கண்டறிந்து தொடரும். அதன் ஃபோகஸ் புள்ளிகள் படப்பரப்பில் சுமார் 90 விழுக்காட்டில் பரவியுள்ளன. டி850-இல் அவை நடுப்பகுதியிலேயே குவிந்துள்ளன. மாலை மாற்றும் ஒரு நொடி மறுபடி வராது. அந்த நொடியில் மணமகளின் கண் கூர்மையாக இருப்பதே 45 மெகாபிக்சலைவிட மதிப்புடையது.

எடையும் கவனிக்கத்தக்கது. பேட்டரியும் கார்டும் சேர்த்து டி850 சுமார் ஒரு கிலோ. இசட்6-II சுமார் 700 கிராம். பன்னிரண்டு மணி நேர நிகழ்ச்சியின் முடிவில் தோளுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

புதியது எல்லாவற்றிலும் மேலானது என்றும் கொள்ள வேண்டியதில்லை. தரப்படுத்திய அளவீட்டின்படி டி850-இன் பேட்டரி ஒரு மின்னேற்றத்தில் 1,840 படங்கள் தாங்கும். இசட்6-II அதில் கால்பங்கைக்கூட எட்டாது. ஆகவே கூடுதல் பேட்டரிகளையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். ஓசையில்லா முறையில் ஃபிளாஷ் இயங்காது. எல்இடி விளக்குகளின் கீழ்ப் படத்தில் கோடுகள் விழக்கூடும். 2018-இல் வந்த முதல் இசட்6-இல் மெமரி கார்டுக்கு ஒரே இடம்தான். அந்தக் கார்டு பழுதானால் திருமணமே தொலைந்தது போலாகும். டி850-இலும் இசட்6-II-இலும் இரண்டு கார்டுகள் போடலாம்.

பெட்டியில் உள்ள லென்ஸ்கள்

பலருடைய முதலீட்டின் பெரும்பகுதி கேமராவில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. நிக்கானின் பழைய லென்ஸ்களை அடாப்டர் கொண்டு மிரர்லெஸ்ஸில் பொருத்தலாம். ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் செய்யா. டி850-இல் அவை முன்போலவே இயங்கும். உங்கள் பெட்டியில் அவ்வகை லென்ஸ்கள் மிகுதி என்றால், மிரர்லெஸ்ஸின் மெய்யான விலை கடைக்காரர் சொல்லும் தொகையைவிட அதிகம். புதிதாகத் தொழில் தொடங்குவோரின் நிலை வேறு. நிறுவனங்கள் புதிய லென்ஸ்களை இப்போது மிரர்லெஸ்ஸுக்கே வடிவமைப்பதால், அவர்கள் அந்த வழியில் தொடங்குவதே முறை.

தவணையும் நான்கு மாதங்களும்

ஒரு கேமராவுக்கு மற்றதைவிட 60,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 திருமணங்கள், மூன்று ஆண்டுகள் உழைக்கும் என்றால் திருமணம் ஒன்றுக்கு 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தை வாடிக்கையாளரிடம் கூடுதலாகப் பெற முடியுமா? அல்லது அதனால் நேரமோ உதவியாளர் கூலியோ மிச்சமாகுமா? இரண்டுக்கும் விடை 'இல்லை' என்றால் பழைய கேமராவே போதும்.

கடனாக 1,20,000 ரூபாய் பெற்று, ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் 24 மாதங்களில் அடைப்பதாகக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 5,760. மொத்த வட்டி சுமார் 18,300. இதில் பலர் மறக்கும் ஒன்று உண்டு. வட இந்தியாவில் சாதுர்மாஸ்யத்தின் நான்கு மாதங்களில் பொதுவாகத் திருமணங்கள் நடப்பதில்லை. தவணையோ மாதந்தோறும் வரும். அந்த நான்கு மாதங்களுக்கான ஏறத்தாழ 23,000 ரூபாயைத் திருமணக் காலத்திலேயே தனியே எடுத்து வைத்தவர் தவணை தவறமாட்டார். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டால், கைவிட வேண்டிய தள்ளுபடியையும் நடைமுறைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் தங்கள் பதிவு எண்ணுடன் கூடிய ரசீது கேட்டு வாங்கினால், தகுதிக்கேற்ப உள்ளீட்டு வரிச் சலுகை பெறலாம். தனிநபரிடமிருந்து பழைய கேமரா வாங்கினால் அது கிடைக்காது.

பழையதை வாங்குவோருக்கு

டி850-இன் ஷட்டர் இரண்டு லட்சம் முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. விற்பவரிடம் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். துவாரத்தை எஃப்16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரில் உள்ள தூசியும் கறையும் தெரியும். உங்கள் லென்ஸையே பொருத்திக் கண்ணில் ஃபோகஸ் செய்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் ரசீதில் உள்ள வரிசை எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்திய உத்தரவாதம் இல்லாமல் வந்த பொருளா என்பதும் ரசீதிலிருந்தே தெரியவரும்.

துணி, ஓவியம், கட்டடம், பறவை என நுண்மைக்குப் பணம் தரும் வேலை உங்களிடம் இருந்தால், நல்ல நிலையில் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் இன்றும் இலாபமான கொள்முதல். மனிதர்களும் நிகழ்வுகளும் வீடியோவும் உங்கள் தொழில் என்றால் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவது தகும். இரண்டும் கலந்த தொழில் என்றால், கடந்த ஓராண்டின் ரசீதுகளை எடுத்து வைத்து, எந்த வகை வேலை எவ்வளவு ஈட்டியது என்று கூட்டிப் பாருங்கள். கடைக்குச் செல்லும் முன்பே விடை கையில் இருக்கும்.