பெருநாளுக்குப் புதிய தலையணை உறை



நோன்பின் கடைசிப் பத்து பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் இபாதத்தோடு வீட்டு வேலைகளும் பெருகிவிடுகின்றன. சுவருக்குச் சுண்ணாம்பு, பாத்திரங்களுக்குத் துலக்கல், பிள்ளைகளுக்குப் புத்தாடை என ஒவ்வொன்றாய் முடிகிற நேரத்தில் கட்டிலின் மீதுள்ள தலையணைகள் கண்ணில் படும். எண்ணெய்க் கறை ஏறிய உறைகள்! தொழுகை முடிந்து வாழ்த்துச் சொல்ல வருகிற உறவினரும், சேமியாப் பாயசம் அருந்த வருகிற அண்டை வீட்டு இந்துச் சகோதரிகளும் அமரப்போவது அங்கேதானே!

அந்த நேரம் பார்த்துத் தவணைக்காரர் தெருவில் வருவார். பளபளக்கும் மெத்தை விரிப்பும் உறைகளும் அடங்கிய பெட்டியைத் திறந்து காட்டுவார். "இப்போது வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, பணம் மெல்லக் கொடுக்கலாம்" என்பார். பெருநாள் ஒரே நாளில் முடிந்துவிடும். தவணையோ ஹஜ்ஜுப் பெருநாளைத் தாண்டியும் தொடரும். அடுத்த மாத அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்திருந்த பணம் அதில் கரைந்து போவதை எத்தனை வீடுகளில் காண்கிறோம்! ஊசியும் நூலும் இருந்தால் போதும், இந்தக் கடன் நமக்குத் தேவையே இல்லை.

அன்னையார் காட்டிய வழி

பழைய துணியைத் தலையணையாக்குவது நம் மார்க்க வரலாற்றில் புதிதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இல்லத்தில் உருவப்படங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்தார்கள். அன்னையார் அத்துணியை வீணாக எறிந்துவிடவில்லை. ஓரிரு தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அண்ணலார் சாய்ந்த தலையணையோ, பேரீச்ச நார் திணித்த தோல் உறைதான். எளிமையும் தூய்மையும் சேர்ந்த இல்லமே அழகிய இல்லம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

துணி நம் ஊர்ப்பக்கமே உண்டு

திருத்தணியில் வாழும் நமக்குத் துணிக்குப் பஞ்சமில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கம் தறியோசை கேட்கும் ஊர்கள். எல்லைக்கு அப்பால் நகரியிலும் தறிகள் ஓடுகின்றன. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது வரைபடத்தில் கோடு மாறியது. நெசவுத் தொழிலோ கோட்டின் இருபுறமும் உண்டு. கடைகளில் எடை போட்டு விற்கும் துண்டுத் துணிகளைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். இடுப்பில் நைந்து, மற்ற இடங்களில் உறுதியாக இருக்கும் பருத்திப் புடவை இருக்கும். அன்பளிப்பாக வந்து கட்டாமலே கிடக்கும் கைலி ஒன்றும் நிச்சயம் இருக்கும்.

பருவத்துக்கு ஏற்ற துணியைத் தேர்ந்தெடுப்பதும் அறிவுடைமை. பிறைக் கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னதாகப் பெருநாள் வருகிறது. 2024இல் ஏப்ரல் 11 அன்று கொண்டாடினோம். 2025இல் மார்ச் 31 அன்று. இனி அது மாசிக்கும் தைக்கும் நகரும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையுமாக ரமலான் பிறை இருமுறை தென்படும். ஆகவே இப்போதைய வெயில் காலத்துக்கு வெளிர் நிறப் பருத்தி உறை தையுங்கள். வியர்வையை அதுதான் உறிஞ்சும். பனிக்காலப் பெருநாள்களுக்கு அடர் நிறத்தில், சற்றுத் தடித்த கைத்தறித் துணி பொருந்தும். பளபளக்கும் செயற்கை இழைத் துணி எந்தப் பருவத்திலும் கன்னத்துக்கு இதமாயிராது.

ஒரு கைலி, மூன்று உறைகள்

முதலில் கைலியின் மூட்டுத் தையலைப் பிரித்து, தனியே ஊறவைத்துத் துவைத்து, உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். வெட்டித் தைத்த பின் சுருங்கினால் தலையணை உள்ளே நுழையாது. சாயம் விடுமா என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

இப்போது துணி ஏறத்தாழ 76 அங்குல நீளமும் 45 அங்குல அகலமும் இருக்கும். வழக்கமான தலையணை 27 அங்குலத்துக்கு 17 அங்குலம். ஒரு உறைக்கு 62 அங்குல நீளமும் 19 அங்குல அகலமும் தேவை. முன்பக்கம் 27, பின்பக்கம் 27, உள்ளே மடியும் நாக்கு 6, ஓர மடிப்புக்கு 2 என நீளக் கணக்கு. தளர்வுக்கு ஓர் அங்குலம், இருபுறத் தையலுக்கு ஓர் அங்குலம் என அகலக் கணக்கு. இப்படி இரண்டு உறைகளை வெட்டிய பின் எஞ்சும் 14 அங்குலத் துண்டில், குழந்தைக்கு 12 அங்குலச் சதுரத்தில் ஒரு சிறிய உறையும் கிடைக்கும். அதற்கு 30 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் போதும். நாக்குக்கு 4 அங்குலம் விடுங்கள்.

பெரிய உறையைத் தைக்கும் முறை இது:

1. நீளத்தின் இரு முனைகளையும் உட்பக்கமாக அரை அங்குலம் வீதம் இருமுறை மடித்து ஓரம் தையுங்கள்.

2. துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். ஒரு முனையிலிருந்து 27 அங்குலம் அளந்து, அப்பகுதியை மற்றப் பகுதியின் மேல் மடியுங்கள். மறுமுனையில் 6 அங்குலம் வெளியே நீண்டிருக்கும்.

3. அந்த 6 அங்குல நாக்கை, மடித்த துணியின் மேல் கவிழ்த்துவிடுங்கள்.

4. இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். நாக்கு முடியும் இடத்தில் இரட்டைத் தையல் போடுங்கள். உறை முதலில் கிழிவது அங்கேதான்.

5. நாக்கின் வழியே கைவிட்டு உறையைப் புரட்டுங்கள். நாக்கு உட்பக்கம் சென்று தலையணையைப் பிடித்துக்கொள்ளும். பித்தானும் வேண்டாம், ஜிப்பும் வேண்டாம்.

தையல் எந்திரம் இல்லையே என வருந்த வேண்டாம். இரட்டை நூலில் நெருக்கமாகப் பின்வாங்கித் தைக்கும் கெட்டித் தையல் பல ஆண்டுகள் தாங்கும். மதரஸாவுக்கு ஓத வரும் 12 வயதுச் சிறுமிகள் இரண்டே மாலைப் பொழுதுகளில் இதைக் கற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். பெண்பிள்ளைக்கு மட்டுமல்ல, மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் அல்லவா?

அலங்காரம்

வெற்று நிறத் துணியானால் ஓரத்தில் சங்கிலித் தையலால் கொடியோ, மல்லிகை மொட்டோ, எட்டுமுனை நட்சத்திரமோ போடலாம். பழைய புடவையின் கரையை வெட்டி விளிம்பில் வைத்துத் தைத்தால் ஊசி வேலையே தேவைப்படாது. பறவை, விலங்கு உருவங்கள் வேண்டாம். இறைத் திருநாமங்களையோ திருவசனங்களையோ தலையணையில் பின்னவே கூடாது; தலையணை தரையில் விழும், காலிலும் படும்.

பெருநாள் முடிந்ததும் இவ்வுறைகளைத் துவைத்து, வேப்பிலைச் சருகிட்டு எடுத்து வையுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மீண்டும் புதிதாய் வெளிவரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழுகைக்கு முன்பே ஃபித்ரா கொடுத்துவிட வேண்டும் என்பது நம் கடமை. ஏழை வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகவே அது. தைக்க உட்காரும்போது ஒரு ஜோடி கூடுதலாகத் தையுங்கள். கணவரை இழந்த சகோதரி ஒருத்தி உங்கள் தெருவிலும் இருப்பாள். ஃபித்ரா அரிசியோடு அந்த இரு உறைகளையும், பிறர் அறியாமல், பெருநாளுக்கு முந்திய இரவே அவள் வீட்டில் சேர்த்துவிடுங்கள். விடிந்தால் அவள் வீட்டுக்கும் விருந்தினர் வருவார்கள்.

அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக!