மேசைக்கணினி பொருத்துதல்

மேசைக்கணினி பொருத்துதல் என்பது, ஒரு நிறுவனம் முழுமையாகச் செய்து விற்கும் கணினியை வாங்காமல், அதன் பாகங்களைத் தனித்தனியே தெரிவு செய்து வாங்கி ஒன்றாக இணைத்துக் கொள்வதாகும். இவ்வாறு உருவாகும் கணினி தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் அசெம்பிள்டு கணினி எனப்படுகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் வாழ்வோர் இதற்கான பாகங்களுக்கு நகரின் நடுவிலுள்ள ரிச்சி தெருவை நாடுவது வழக்கம். பாகங்களை இணைப்பது சில மணி நேர வேலையே. குறைந்த பணத்தில் எந்தப் பாகத்தில் செலவைக் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் முதன்முறை பொருத்துவோருக்குக் கடினமான பகுதியாகும்.

பின்னணி

ஐபிஎம் நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட தனியாள் கணினி, பிற நிறுவனங்களும் பாகங்கள் செய்யத்தக்க திறந்த கட்டமைப்பைக் கொண்டிருந்தது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற சீர்தரத்தை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பி ஆகியவற்றை இச்சீர்தரம் வரையறுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் பாகங்கள் இன்றும் ஒரே பெட்டியில் பொருந்துவதற்கு இதுவே அடிப்படை.

இந்தியா 1997இல் உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி கணினிகள், கணினிப் பாகங்கள் ஆகியவற்றின் மீதான இறக்குமதிச் சுங்கவரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலும் நீக்கப்பட்டது.

ரிச்சி தெரு

ரிச்சி தெரு, அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் அருகில் அமைந்த மின்னணுப் பொருள் சந்தையாகும். அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை ஆகியவற்றிலுள்ள கடைகளும் பொதுவாக இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன. வானொலி உதிரிப்பாகங்களின் விற்பனைக்குப் பெயர் பெற்றிருந்த இவ்விடம், பின்னர் கணினிப் பாகங்களின் சந்தையாகவும் வளர்ந்தது.

ஆவடி, அம்பத்தூர் ஆகிய இடங்களிலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் சென்னை சென்ட்ரலை அடைந்து, அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். தொடர்வண்டி நிலையம் இல்லாத பூவிருந்தவல்லியிலிருந்து பேருந்தில் வருவோரே மிகுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். பொருந்தாத ஒரு பாகத்தை மாற்றுவதற்கு மீண்டும் அரைநாள் செலவாகும் என்பதால், பட்டியலை வீட்டிலேயே சரிபார்த்துக் கொண்டு புறப்படுவது நன்று.

பயன்பாட்டைத் தீர்மானித்தல்

எழுத்துப் பணி, இணையம், நிரலாக்கப் பயிற்சி ஆகியவற்றுக்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. வரைகலைத் திறன் உள்ளடங்கிய செயலியே போதுமானது. ஆனால் எல்லாச் செயலிகளிலும் இத்திறன் இருப்பதில்லை. இன்டெல் செயலியின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் வரைகலைப் பகுதி இயங்காது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பெயரில் ஜி என்ற எழுத்து உள்ளவற்றில் மட்டுமே அது உண்டு. விலை சற்றுக் குறைவு என்று எஃப் வகையை வாங்குபவர் வரைகலை அட்டையையும் வாங்கியாக வேண்டும். இல்லையெனில் திரையில் எதுவும் தோன்றாது.

பொருத்தப்பாடு

செயலி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே தெரிவு செய்ய வேண்டும். செயலி அமரும் பொருத்துவாய் இவற்றை இணைக்கிறது.

ஏஎம்4: 2016இல் வெளிவந்தது. டிடிஆர்4 நினைவகத்தை மட்டும் ஏற்கும்.
ஏஎம்5: 2022இல் வெளிவந்தது. டிடிஆர்5 நினைவகத்தை மட்டும் ஏற்கும்.
எல்ஜிஏ1700: 2021இல் வெளிவந்தது. தாய்ப்பலகையைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.
எல்ஜிஏ1851: 2024இல் வெளிவந்தது. டிடிஆர்5 மட்டும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகளே உள்ளன. எனினும் நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறுபடுவதால் ஒன்று மற்றொன்றின் துளையில் பொருந்தாது.

நினைவகம் இரண்டு துண்டுகளாக இருந்தால் இரு தடங்களும் ஒரே நேரத்தில் இயங்கும். உள்ளடங்கிய வரைகலைக்கு இது பெரிதும் உதவும். ஆயினும் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. பணம் போதாதபோது இரண்டு 4 கிகாபைட்டுத் துண்டுகளை வாங்குவதை விட, ஒரு 8 கிகாபைட்டுத் துண்டை வாங்கி அடுத்த துளையைக் காலியாக விடுவது பின்னர் பயன் தரும்.

சேமிப்பகம்

இயக்குதளத்தை நிறுவ எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம் ஏற்றது. வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மெகாபைட்டும், சாட்டா வகை எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 மெகாபைட்டும் படிக்கும். என்விஎம்இ வகை இதனினும் பல மடங்கு விரைவானது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிப்பதில் வன்தட்டு மிகவும் பின்தங்குகிறது. எனவே கொள்ளளவு குறைந்தாலும் எஸ்எஸ்டியை முதலில் வாங்கி, வன்தட்டைப் பின்னர் சேர்க்கலாம்.

மின்வழங்கி

கடைகளில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணினிக்கு வேண்டிய நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. பணத்தைக் குறைக்க முதலில் கைவைக்கப்படும் பாகமும் இதுவே. ஆனால் இது பழுதடையும்போது தாய்ப்பலகை, செயலி, சேமிப்பகம் ஆகியவற்றையும் உடன் பாழாக்கக் கூடும்.

பெட்டியுடன் சேர்த்து மலிவாக விற்கப்படும் மின்வழங்கிகளில் பெரிய எழுத்திலுள்ள வாட் அளவை நம்புவதற்கில்லை. பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் தடத்துக்குரிய ஆம்பியரைப் பார்த்து 12ஆல் பெருக்க வேண்டும். 16 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 192 வாட் மட்டுமே. 65 வாட் எனக் குறிக்கப்படும் ஏஎம்4 செயலி உச்ச நிலையில் 88 வாட் வரை எடுக்கலாம். தாய்ப்பலகையின் துளையிலிருந்து மட்டும் மின்சாரம் பெறும் வரைகலை அட்டைக்கு 75 வாட் வரை தேவைப்படும். பிற பாகங்களுக்கு 50 வாட் எனக் கொண்டால் மொத்தம் 213 வாட். இதற்கு 400 வாட் அளவுள்ள நல்ல மின்வழங்கி தாராளம். 2004இல் தொடங்கிய 80 பிளசு சான்று மின்சிக்கனத்தை மட்டுமே குறிக்கும். மிகை மின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உள்ளதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும்.

வீட்டின் மூன்று முனைச் செருகுவாயில் புவியிணைப்பு இருப்பது கட்டாயம். அது இல்லாத வீடுகளில் கணினிப்பெட்டியைத் தொடும்போது இலேசான மின்னதிர்ச்சி உணரப்படுவதுண்டு. யுபிஎஸ் வாங்குவோர் வோல்ட்-ஆம்பியரும் வாட்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 600 வோல்ட்-ஆம்பியர் எனக் குறிக்கப்படும் பல யுபிஎஸ்கள் 360 வாட் மட்டுமே வழங்குகின்றன.

விலைச்சீட்டும் உத்தரவாதமும்

கணினிப் பாகங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு ஆகும். 30,000 ரூபாய் அடக்கமுள்ள பாகங்களுக்கு வரி 5,400 ரூபாய். விலைச்சீட்டு இன்றி வாங்கினால் இத்தொகை மிச்சம் என்று தோன்றும். ஆனால் பெட்டியில் அடைத்து விற்கப்படும் செயலிகளுக்கு இன்டெல், ஏஎம்டி ஆகிய நிறுவனங்கள் பொதுவாக 3 ஆண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. தாய்ப்பலகை, சேமிப்பகம் ஆகியவற்றுக்கும் இத்தகைய உத்தரவாதம் உண்டு. வாங்கிய நாளைக் காட்டும் சான்று விலைச்சீட்டே. பாகங்களின் வரிசை எண்களை அதில் எழுதி வாங்குவது நல்லது. ட்ரே எனப்படும் பெட்டியில்லாச் செயலிக்கு விற்பவரே பொறுப்பாவார்.

எல்ஜிஏ வகைத் தாய்ப்பலகைகளில் மெல்லிய முனைகள் பொருத்துவாயிலேயே அமைந்துள்ளன. வளைந்த முனைகள் உத்தரவாதத்தில் அடங்குவதில்லை. எனவே கடையிலேயே மூடியைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும்.

பழைய பாகங்கள்

எல்ஜிஏ1155, எல்ஜிஏ1150 ஆகிய பழைய பொருத்துவாய்களுக்கான செயலிகளும் பலகைகளும் மிக மலிவாகக் கிடைக்கின்றன. விண்டோசு 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11 இச்செயலிகளை ஆதரிப்பதில்லை. லினக்சு பயன்படுத்துவோருக்கு இத்தடை இல்லை. உபுண்டு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சு போன்றவை இலவசமாகக் கிடைப்பதால் இயக்குதளச் செலவும் மிச்சமாகும். எனினும் இப்பலகைகளின் டிடிஆர்3 நினைவகத்தைப் புதிய பலகைக்கு எடுத்துச் செல்ல இயலாது.

தெரிவின் வரிசை

நினைவகம், வன்தட்டு, வரைகலை அட்டை ஆகியவற்றைப் பின்னர் சேர்த்துக் கொள்ளலாம். தாய்ப்பலகையை மாற்றுவதாயின் கணினியை முழுவதும் பிரிக்க வேண்டும். மோசமான மின்வழங்கி மற்றப் பாகங்களுக்கும் கேடு விளைவிக்கும். ஆகவே பணம் குறைவாக உள்ளபோது பின்னர் சேர்க்கத்தக்கவற்றைச் சிறிதாக வாங்கி, மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் தரமாக வாங்குவது பொருத்தமானது. ஒளிரும் விளக்குகளும் கண்ணாடிப் பக்கங்களும் கொண்ட பெட்டியால் வேகம் கூடுவதில்லை. சென்னையின் கோடை வெப்பத்தில் முன்புறம் காற்று நுழையும் துளைகளும், கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டியும் உள்ள எளிய பெட்டியே பயன் தரும். 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளத்தில் புறநகர் வீடுகள் பலவற்றினுள் நீர் புகுந்ததால், பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை மீது வைப்பது பாதுகாப்பானது.