லயத்துக்குப் பின்னால் கிடப்பவை
மலையக வாழ்வின் தடயங்கள் – 8

சென்ற வாரம் பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பற்றிப் பேசினோம். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதன் பின் வந்த 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஓர் இடுக்கு வழியைத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். தாத்தா காலத்திலிருந்து ஒரே மலையில் கொழுந்து பறித்த குடும்பங்கள் பலவற்றால், தாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட ஒரு காகிதம்கூட நீட்ட முடியவில்லை. காகிதத்தை விட்டால் அந்த வாழ்வுக்கு வேறு சாட்சியே இல்லையா? இருக்கிறது. அது லயத்துக்குப் பின்னால், கானோரத்திலும் வாழைமரத்தடியிலும் கிடக்கிறது. கழித்துப் போட்ட அன்றாடச் சாமான்களைத் தேடிச் சேர்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பம் ஒருவகை அறிவு என்பதையும், நம் தோட்டங்களின் வரலாற்றுக்கு அந்த அறிவு இல்லாமல் முடியாது என்பதையும் இந்த வாரம் நிறுவ முயல்கிறேன்.

முதலில் இன்பத்தைப் பார்ப்போம். நமுனுகுல மலைச்சரிவில் ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளை வரை இறங்கும் தோட்டங்களில் என்னென்ன கழிக்கப்படுகின்றன? தீட்டித் தீட்டி ஒல்லியாகிப்போன கவ்வாத்துக் கத்தி, காம்பு போன சுரண்டி, ஒற்றைப் பல் மிஞ்சிய முள்ளு, ஒட்டுப்போட்ட கேத்தல், மருந்துப் போத்தலின் மூடியில் துளையிட்டுத் திரி செருகிய குப்பி லாம்பு, அறுந்த தலைக்கயிறு, தேயிலைப் பெட்டியின் விளிம்பில் அடித்திருந்த தகரப் பட்டி. பழைய இரும்புக்காரருக்கு இவை எடை மட்டுமே. நின்று பார்ப்பவருக்கோ ஒவ்வொன்றிலும் ஒரு கை தெரியும். கத்தி ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தால் பிடித்தவர் எந்தக் கைப் பழக்கக்காரர் என்று ஊகிக்கலாம். தேயிலைப் பெட்டி தொழிற்சாலையில் பிறந்து, காம்பராவில் துணிப் பெட்டியாகி, பிறகு மறைப்புப் பலகையாகி, கடைசியில் அடுப்புக்குப் போகும். எஞ்சுவது அந்தத் தகரப் பட்டி மட்டும். கண்டெடுப்பதன் மகிழ்ச்சி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்வதில் இல்லை, அதை அடையாளம் காண்பதில் இருக்கிறது. எல்லாரும் தாண்டிப் போகும் தகரத்தில் ஒருவருடைய யோசனையையும் உழைப்பையும் கண்டுகொள்கிற அந்தக் கணத்தில், பொருளோடு பார்ப்பவருடைய மதிப்பும் உயர்கிறது.

இதைத் தனிமனித ரசனை என்று ஒதுக்க முடியாது. தொல்லியல் என்ற துறையே பெரும்பாலும் கழிவுகளின் மேல்தான் நிற்கிறது. கீழடியில் 2015 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் கிடைத்தவற்றுள் அதிகம் பேசப்பட்டவை உடைந்த பானை ஓடுகள். பானை உடைந்தபோது யாரோ வீசிய ஓட்டில் கீறியிருந்த பெயர்கள், அங்கே எழுத்தறிந்தோர் வாழ்ந்ததற்கு இன்று சான்றாகியுள்ளன. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே 1973 இல் இதே வழியை நிகழ்காலத்துக்குத் திருப்பினார். வீடுகளின் குப்பையைப் பிரித்து எடைபோட்டு, வீட்டுக்காரர்கள் கேள்விகளுக்குச் சொன்ன பதில்களோடு ஒப்பிட்டார். எவ்வளவு மது அருந்துகிறோம் என்பதைப் போன்ற விஷயங்களில் மக்கள் குறைத்துச் சொன்னதைக் குப்பை காட்டிக்கொடுத்தது. எழுதுகிறவர் தன்னைப் பற்றி ஒன்றை நம்பவைக்க எழுதுகிறார். வீசுகிறவருக்கு அப்படி ஒரு நோக்கமும் இல்லை. கழித்த பொருளின் சாட்சியத்துக்கு இருக்கும் தனிப் பலம் இதுதான்.

இந்தப் பலம் தோட்டத்துக்கு ஏன் மற்ற இடங்களைவிட அதிகம் தேவைப்படுகிறது? தோட்டத்தில் எழுதும் கோல் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. செக்ரோலில் அவர் ஒரு பேர் அல்லது அரைப்பேர். 1921 இல் ஒழிக்கப்படும்வரை அவருடைய கடனைச் சுமந்த ‘துண்டு’ கங்காணிக்கும் துரைக்கும் இடையே ஓடிய கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த தகர வில்லையில் தோட்டத்துக்கும் ஆளுக்கும் உரிய இலக்கங்கள் இருந்தன. இவை எல்லாம் தொழிலாளியைப் பற்றி மற்றவர் எழுதியவை. அவர் தானே செய்தது, ஒட்டியது, கட்டியது, தேய்த்தது வேறொரு வரிசை. அந்த வரிசையில் உள்ள அனைத்தும் கழிந்துபோகும் சாமான்கள். நிலமும் வீடும் சொந்தமில்லாதவர்கள் கல்வெட்டு வைப்பதில்லை. அவர்கள் விட்டுச் செல்வது குப்பி லாம்பைத்தான்.

நாட்டின் சட்டமும் இந்த வரிசையைக் கணக்கில் எடுக்கவில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், எது தொல்பொருள் என்று வரையறுக்க 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்தது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். மலையகத் தமிழரின் வருகையோ 1823 ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்று நினைவுகூரப்பட்ட 200 ஆண்டுகளும் அந்த எல்லைக்கு இப்பால் விழுகின்றன. அந்த வரையறையின்படி இம்மக்கள் இந்நாட்டில் விட்டுச் சென்ற ஒரு பொருள்கூடத் தொல்பொருள் ஆகாது. அருங்காட்சியகங்களை எடுத்துக்கொண்டாலும் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் தேயிலை முன்னோடிகளையும் சிறப்பாகக் காட்டுகிறது. கொழுந்து பறித்தவரின் வீட்டுக்குள் போக வேண்டுமானால் கம்பளைப் பக்கம் பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் அங்கே ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. அதில் உள்ள கருவிகளும் பாத்திரங்களும் ஆவணங்களும், யாரோ சிலர் ‘இது கழிக்க வேண்டியதல்ல’ என்று நின்று பார்த்ததால் மிஞ்சியவை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் இதே மனத்தால்தான். பாட்டுக்கு அவர் செய்ததைப் பாத்திரத்துக்கும் கத்திக்கும் செய்ய ஆள் வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகள் இலேசானவை அல்ல. வறுமையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்ப்பதா என்பது முதல் மறுப்பு. இந்தக் கோபம் நியாயமானது. லயத்திலிருந்து வெளியேறத் துடிக்கிற தலைமுறையிடம் லயத்தின் சாமான்களைப் புனிதமாக்கிக் காட்டினால் அது கொடுமை. ஆனால் இங்கே கேட்பது புனிதமாக்கலை அல்ல. மழைக்குப் போர்த்திய கிழிந்த கம்பளி, குளிரில் நனைந்தபடி மலையேறிய ஒருவருக்கு என்ன கொடுக்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம். ஆதாரத்தை அழிப்பதால் அநீதி தீராது, அநீதியைப் பற்றிய வழக்குத்தான் பலவீனமாகும். பழைய தேயிலைப் பெட்டியை விடுதி வரவேற்பறையில் அலங்காரமாக வைப்பதற்கும், அது எந்தக் காம்பராவில் எதற்குப் பயன்பட்டது என்ற குறிப்போடு வைப்பதற்கும் உள்ள தூரமே இந்த மறுப்புக்கான விடை.

மறக்கும் உரிமையை முன்வைப்பது இரண்டாவது மறுப்பு. ஒருவர் தன் பாட்டியின் சுரண்டியை இரும்புக்காரருக்குப் போட்டு, அந்தக் காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கினால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆகவே சேர்ப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். கழித்ததை மட்டும் எடுக்க வேண்டும். உரியவர் இருந்தால் கேட்டு எடுக்க வேண்டும். இன்னும் அடிக்கப்படும் தப்பையும் காமன்கூத்துக் கட்டும் பொருள்களையும் விலைபேசித் தூக்கிச் செல்லக் கூடாது. மறக்க விரும்புகிறவருக்கு வழிவிட வேண்டும். அதேபோல, அவருடைய பேரப்பிள்ளை ஒருநாள் கேட்டால் காட்டுவதற்கு ஊரில் எங்காவது ஒரு சுரண்டியாவது இருக்க வேண்டும். ஒருவருடைய மறதி ஒரு சமூகத்தின் மறதியாகிவிடக் கூடாது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒரு குடும்பம் முழுவதும் ஒற்றைக் காம்பராவில் நெருங்கிக் கிடக்கும்போது பழைய தகரத்துக்கு இடம் ஏது? மழைத்தண்ணீர் தேங்கிய டின்னில் நுளம்பு பெருகினால் டெங்கு வராதா? இரண்டும் உண்மை. அதனால்தான் வீட்டில் குவிக்காமல் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஒரு உலர்ந்த அலுமாரியை இதற்கென ஒதுக்குவது நல்லது. அதிகம் சேர்க்கவும் தேவையில்லை. இருபது கத்திகளைவிட, யாருடையது, எந்த மலையில் கவ்வாத்துக்குப் போனது, எப்போது கழிக்கப்பட்டது என்று எழுதிய ஒரு கத்தி அதிகம் பேசும். குறிப்பில்லாத பொருள் மறுபடியும் பழைய இரும்புதான்.

‘அவசரம் என்ன, பிறகு பார்க்கலாம்’ என்பவர்களுக்கு ஊவாவிலேயே பதில் இருக்கிறது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் அழைத்த ரயிலில் குடும்பங்கள் இந்தியாவுக்குப் போனபோது, தூக்க முடியாத சாமான்கள் இங்கேயே தங்கின. அவற்றின் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் கடல் கடந்துவிட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர்களோடு லயங்களும் அவற்றுள் இருந்த அத்தனையும் மண்ணுக்குள் போயின. மூங்கில் கூடையின் இடத்தில் பிளாஸ்டிக்கும் நைலோனும் வந்துவிட்டன. கூடை முடையத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். பொருளும் அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவரும் ஒரே காலத்தில் இருக்கும் வாய்ப்பு நீண்ட நாள் நிற்காது.

கடமை என்று சொல்லி இந்த வேலையைப் பிள்ளைகள்மேல் ஏற்றினால் அது ஒரு தவணைக்கு மேல் ஓடாது. இன்பம் மட்டுமே அதை நிலைக்க வைக்கும். கண்டெடுத்ததை வீட்டுப் பெரியவரிடம் காட்டி ‘அம்மாயி, இது என்ன?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, எந்தப் பாடநூலும் தராத விடை கிடைக்கும். அந்த விடையை எழுதிவைத்தால், செக்ரோல் சொல்லாத ஒரு வரி வரலாற்றில் சேரும். காகிதம் கேட்ட நாடு ஒருமுறை இம்மக்களைக் கைவிட்டது. தங்கள் சாட்சியத்தைத் தாங்களே தொகுக்கும் ஆற்றல் இன்று அவர்களிடம் இருக்கிறது, அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு தோட்டப் பாடசாலை இந்தப் பதிவேட்டை எப்படித் தொடங்கலாம், ஒவ்வொரு பொருளுக்கும் எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.